கோமாளி முகத்தில் சோகத்தைப் பூசியது யார்?

இந்தக் கதையை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். மனசே சரியில்லை என்று ஒருவர் டாக்டரிடம் போகிறார். நாடி பிடித்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், "உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஊருக்கு ஒரு கோமாளி வந்திருக்கிறானாம். போய்ப் பாருங்கள், வயிறு குலுங்கச் சிரித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்: "அந்தக் கோமாளியே நான்தான், டாக்டர்."

நம்மூர் மேடைப் பேச்சுகளில் இது சர்க்கஸ் பபூன் கதையாக வரும். இங்கிலாந்தில் சொன்னால் அந்த நோயாளி ஜோசப் கிரிமால்டி என்ற மேடைக் கோமாளி. சிலர் கார்லினி என்ற இத்தாலிய நடிகரின் பெயரைச் சொல்வார்கள், பிரான்ஸில் தெபுரோ என்ற ஊமை நாடக நடிகர் என்பார்கள். மெக்சிகோவின் குவான் தே தியோஸ் பேசா இதையே கவிதையாக எழுதினார். அவர் கவிதையில் நோயாளி காரிக் என்ற ஆங்கில நடிகர். 1980களில் வந்த ஓர் அமெரிக்க காமிக்ஸில் அவர் பெயர் பாலியாச்சி. (அது ஆள் பெயரே இல்லை. இத்தாலிய மொழியில் 'கோமாளிகள்' என்று பொருள், அதுவும் பன்மை.)

ஒரே சம்பவம் இத்தனை பேருக்கு, இத்தனை நாட்டில் நடந்திருக்காது. யாருக்குமே நடக்காமல் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் கதை சாகவில்லை, ஆளை மாற்றிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. சிரிக்க வைப்பவன் உள்ளே அழுதுகொண்டிருக்கிறான் என்பதை ஏதோ ஆதிகால உண்மை போல நாம் நம்புகிறோம். ஆனால் ஐரோப்பிய மேடையில் இதற்குப் பிறந்த தேதி ஓரளவுக்குச் சொல்ல முடியும். சோகக் கோமாளியை உருவாக்கியதில் கோமாளிகளைவிட அவர்களைப் பார்த்து எழுதியவர்களுக்கும் வரைந்தவர்களுக்கும்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். அவர்களுக்கு வசதி செய்து கொடுத்தவை இரண்டு: ஒன்று மாவு, இன்னொன்று சட்டம்.

மாவிலிருந்து தொடங்கலாம். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கொமெதியா தெல்லார்த்தே என்ற நாடக வகை இருந்தது. எழுதி வைத்த வசனம் கிடையாது. கதைச் சுருக்கம் மட்டும் கையில் இருக்கும், மீதியை நடிகர்கள் மேடையிலேயே கட்டுவார்கள். கஞ்சக் கிழவன், வாய்ச்சவடால் கேப்டன், குறும்புக்கார வேலைக்காரன் ஆர்லெக்கின் என்று பாத்திரங்கள் நிலையானவை. பெரும்பாலோருக்குத் தோலால் செய்த முகமூடி உண்டு. அப்படியொரு இத்தாலியக் குழு பாரிஸில் தங்கி ஆடிக்கொண்டிருந்தபோது, 1673 வாக்கில் ஜுசெப்பே ஜியாரத்தோனே என்பவர் பியரோ என்ற அப்பாவி வேலைக்காரனாக மேடைக்கு வந்தார். தொளதொள வெள்ளை உடை. முகமூடி இல்லை, முகத்தில் வெறும் மாவு.

அந்த மாவின் விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். முகமூடிக்கு என்று ஒரு குணம் இருக்கும். ஆர்லெக்கினின் கறுப்பு முகமூடியைப் பார்த்தாலே கள்ளத்தனம் தெரியும். மாவு பூசிய முகமோ வெறும் வெள்ளைத் தாள். ஆனாலும் அன்றைய பியரோ சோகமானவன் அல்ல. வெகுளி, கொஞ்சம் மந்தம், எல்லோரும் ஏமாற்றிவிட்டுப் போகும் ஆள். பார்த்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

சட்டம் அடுத்து வந்தது. 1697இல் மன்னர் பதினான்காம் லூயி இத்தாலிய நடிகர்களைப் பாரிஸை விட்டே விரட்டினார். மன்னரின் துணைவி மாதாம் தெ மேன்தெனோனைக் கிண்டல் செய்யும் நாடகத்துக்கு அவர்கள் தயாரானதுதான் காரணம் என்பார்கள். குழு போனது, பாத்திரங்கள் போகவில்லை. சேன்ட் ஜெர்மேன், சேன்ட் லோரான் என்ற இரண்டு சந்தைகளில் கொட்டகை போட்டிருந்த கழைக்கூத்தாடிகள் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் அலைமோதியது. அரசு ஆதரவு பெற்ற கொமெதி ஃப்ரான்சேஸ் அரங்கத்துக்கு வயிறு எரிந்தது. பிரெஞ்சில் வசனம் பேசி நடிக்கும் உரிமை தங்களுக்கு மட்டும்தான் என்று வழக்குப் போட்டு, சந்தை நடிகர்கள் மேடையில் உரையாடக் கூடாது என்று தடை வாங்கினார்கள்.

அப்புறம் நடந்தது வரலாற்றின் நல்ல நகைச்சுவைகளில் ஒன்று. உரையாடல்தானே கூடாது? ஒருவர் தன் வசனத்தைப் பேசிவிட்டு உள்ளே ஓடுவார், அடுத்தவர் வந்து தனியாகப் பதில் சொல்வார். அதற்கும் தடை வந்தது. பொருளே இல்லாத ஒலிகளில் பேசிப் பார்த்தார்கள். பிறகு வசனத்தைக் காகிதச் சுருளில் எழுதிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். அதுவும் அலுத்தபோது, எழுதிய பலகைகளை மேலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். பலகையில் பாட்டு, மெட்டு ஊருக்கே தெரிந்த மெட்டு. நடிகர் வாயை மூடிக்கொண்டு அபிநயம் பிடிக்க, ரசிகர்கள் பாடினார்கள். ஊமையாக நிற்கும் நடிகனின் வாயில் சொற்களைப் பார்ப்பவர்களே போடுவது என்ற பழக்கத்தை ஒரு கோர்ட் உத்தரவு ஏற்படுத்திவிட்டது.

இந்தச் சூழலில்தான் பிரெஞ்சு ஓவியர் அன்த்வான் வாத்தோவின் ஒரு பெரிய ஓவியம் வருகிறது. இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1718, 1719 வாக்கில் தீட்டியது என்று கணக்கு. கிட்டத்தட்ட ஆள் உயர பியரோ, நேராக நம்மைப் பார்த்து நிற்கிறான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்குகின்றன. சட்டைக் கை நீளம், கால்சட்டை குட்டை. அவன் கால்மட்டத்துக்குக் கீழே மற்ற நடிகர்கள் ஒரு கழுதையை இழுத்துக்கொண்டு ஏதோ கலாட்டா செய்கிறார்கள். கழுதையின் ஒற்றைக் கண்ணும் நம்மைத்தான் பார்க்கிறது. பியரோ எதுவும் செய்யவில்லை. அழவில்லை, சிரிக்கவில்லை, சும்மா நிற்கிறான்.

இதைப் பார்த்தவுடன் 'எவ்வளவு சோகம்!' என்கிறோம். ஆனால் தீட்டிய காலத்தில் இதைப் பற்றி யாரும் எழுதி வைத்த குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூவ்ரின் இயக்குநராக இருந்த விவான் தெனோன் ஒரு கடையில் மலிவாக வாங்கியபோதுதான் ஓவியம் வெளியே தெரிய வருகிறது. லூவ்ருக்குள் வந்தது அதற்கும் பிறகு, 1869இல், லா காஸ் என்ற டாக்டரின் சேகரிப்போடு. இது ஒரு நடிகரின் காபிக்கடைக்காக வரைந்த பெயர்ப்பலகையாக இருக்கலாம் என்றுகூட ஓர் ஊகம் உண்டு. வாத்தோ 36 வயதில் காசநோயால் இறந்தவர். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது பியரோவின் முகம் இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது. அந்த வெளிறல் கித்தானில் இருக்கிறதா, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறதா என்று கேட்டால், எனக்குப் பாதிக்குப் பாதி என்றுதான் தோன்றுகிறது. ஓவியம் வெளியே வந்தபோது உலகம் மாறியிருந்தது. பாரிஸில் எல்லோரும் வேறொரு பியரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ழான் காஸ்பார் தெபுரோ. 1796இல் பொஹிமியாவில், இன்றைய செக் நாட்டின் கோலின் ஊரில், கழைக்கூத்தாடிக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸின் புல்வார் து தாம்ப்ளில் ஃபியூனாம்புல் என்ற சிறிய அரங்கம் இருந்தது. அந்தப் பெயருக்கே 'கயிற்றில் நடப்பவர்கள்' என்றுதான் பொருள். அந்தத் தெருவுக்கு ஊரார் வைத்த பெயர் 'குற்றத் தெரு'. அங்கே மேடைகளில் அத்தனை கொலைகள் விழுந்தன. நெப்போலியன் காலத்துக் கட்டுப்பாடுகளின் தொடர்ச்சியாக ஃபியூனாம்புலுக்கு வித்தை காட்டவும் ஊமை நாடகம் போடவும்தான் உரிமம். மறுபடியும் அதே கதை, சட்டம் வாயைக் கட்டியது.

தெபுரோ பியரோவின் உருவத்தைத் திருத்தினார். முகத்தை மறைத்த அகலக் கழுத்துப்பட்டியைக் கழற்றிப் போட்டார். தொப்பிக்குப் பதில் தலையோடு ஒட்டிய கறுப்புக் குல்லா. கறுப்புக்கு அடியில் வெள்ளை முகம் நிலாபோல் தனியாகத் தெரிந்தது. கூட்டம் அவரைப் பார்க்கவே வந்தது. ஆனால் அந்தப் பியரோ எப்படிப்பட்டவன் தெரியுமா? திருடுவான், தின்பான், குடிப்பான், எவனாவது குனிந்தால் உதைப்பான். அன்றைய ஊமை நாடகப் பிரதிகளை அலசிய ராபர்ட் ஸ்டோரி போன்ற ஆய்வாளர்கள் கண்டது ஒரு கெட்டிக்காரப் போக்கிரியை. காதலில் தோற்று நிலாவைப் பார்த்து ஏங்கும் ஜீவன் அங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அந்த ஜீவனை எழுத்தாளர்கள் கொண்டுவந்தார்கள். 1832இல் விமர்சகர் ழூல் ஜனேன் தெபுரோவைப் பற்றி ஒரு புத்தகமே போட்டு, எளிய மக்களின் மாபெரும் கலைஞர் என்று தூக்கி வைத்தார். மதிப்புமிக்க அரங்கங்களைக் குத்திக்காட்டும் நோக்கமும் அதில் உண்டு. பிறகு 1842இல் கவிஞர் தியோஃபில் கோத்தியே ஒரு நாடக விமர்சனம் எழுதினார். கதை இது: பியரோ ஒரு சீமாட்டியைக் காதலிக்கிறான், நல்ல உடை வேண்டும் என்று பழந்துணி வியாபாரியைக் கத்தியால் குத்திக் கொல்கிறான், கல்யாணத்தன்று ஆவியாக வரும் வியாபாரி அவனை நடனத்துக்கு இழுத்துத் தன் மார்பில் நீட்டிக்கொண்டிருக்கும் அதே கத்தியில் கோத்துவிடுகிறான். ஷேக்ஸ்பியருக்கு நிகர் என்று கோத்தியே வியக்கிறார். அற்புதமான விமர்சனம். ஒரே குறை, அப்படி ஒரு நாடகம் அதற்கு முன் மேடையேறியதாகவே தெரியவில்லை. கவிஞர் கற்பனையில் பார்த்த நாடகம் அது என்றுதான் ஆய்வாளர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். விமர்சனத்தைப் படித்துவிட்டு ஒருவர் அதையே நாடகமாக எழுத, சில நாள் ஓடியது. முதலில் விமர்சனம், பிறகு நாடகம்!

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் ஒரு சாவுக்குக் காரணமாக இருந்தவர் தெபுரோ. 1836இல் குடும்பத்தோடு தெருவில் நடந்துகொண்டிருந்தபோது ஓர் இளைஞன் அவரைக் கேலி செய்தான். தெபுரோ கைத்தடியால் ஓங்கி ஒன்று போட்டார், பையன் இறந்துபோனான். வழக்கில் விடுதலை ஆனார். விசாரணைக்குக் கூட்டம் கூடியதற்குக் காரணம், அந்த ஊமைப் பியரோவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்கும் ஆசை என்று சொல்வதுண்டு. 1945இல் மார்செல் கார்னே எடுத்த மூன்று மணி நேரத்துக்கும் அதிகமான பிரெஞ்சுப் படத்தில் தெபுரோவாக ழான் லூயி பரோ நடித்தார். நிலா முகம், கனவுக் கண்கள், நிறைவேறாத காதல். பழந்துணி வியாபாரியின் கொலை அதில் மேடை நாடகமாக வருகிறது. நிஜத்தில் நடந்த கைத்தடி அடி வரவில்லை. கோத்தியேயின் கற்பனைக்கு இடம் கிடைத்தது, போலீஸ் பதிவுக்குக் கிடைக்கவில்லை. இன்று தெபுரோ என்றால் உலகத்துக்கு ஞாபகம் வருவது பரோவின் முகம்தான்.

தெபுரோ 1846இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த போல் லெக்ரான்தான் மேடையில் நிஜமாகவே கண்ணீர் விட்ட பியரோ. அவருக்கு முன்னோர் அளவுக்குக் குட்டிக்கரணம் வராது, உணர்ச்சி நன்றாக வரும். தெபுரோவின் மகன் சார்லும் பியரோ வேடம் கட்டினார். 1850களின் நடுவில் புகைப்படக் கலைஞர் நதாரும் அவர் தம்பியும் ஸ்டுடியோவில் அவரை நிறுத்தி எடுத்த புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அந்தக் கால கேமராவுக்கு முன் அசையாமல் நிற்க வேண்டும். அசையாத வெள்ளை முகம் புகைப்படத்தில் எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி லண்டன் வந்தால் நிலைமை வேறு. ஜோசப் கிரிமால்டியின் (1778–1837) கோமாளி ஊமை அல்ல, பாட்டும் உண்டு. வெள்ளை முகத்தில் கன்னத்துக்கு ஒன்றாகச் சிவப்பு முக்கோணம். 1806 டிசம்பரில் கோவன்ட் கார்டனில் தொடங்கிய 'மதர் கூஸ்' என்ற பான்டமைம், அதாவது ஆட்டமும் வேடிக்கையும் கலந்த மேடை நிகழ்ச்சி, அவரை ஊரறிந்தவராக்கியது. ஆங்கிலத்தில் கோமாளிகளை 'ஜோயி' என்று அழைப்பதே அவர் பெயரால்தான்.

இவர் வாழ்க்கையில் துக்கத்துக்குக் குறைவில்லை என்பது உண்மை. அப்பா ஒரு மாதிரியான ஆள். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், செத்த பிறகு தன் தலையை வெட்டிவிட்டுத்தான் புதைக்க வேண்டும் என்று எழுதி வைத்தவர். கிரிமால்டியின் முதல் மனைவி 1800இல் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. தன் இடத்துக்கு வருவான் என்று வளர்த்த மகன் குடியில் அழிந்து 30 வயதில் போனான். மேடையில் விழுந்து புரண்டதில் கிரிமால்டியின் உடம்பு 45 வயதுக்குள் நொறுங்கிவிட்டது. 1828இல் விடைபெறும் நிகழ்ச்சியில் நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே நடித்தார். கடைசிக் காலத்தில் பக்கத்து மதுக்கடைக்குப் போவார். ராத்திரி கடைக்காரர் முதுகில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விடுவார். தன் பெயரை வைத்து அவரே ஒரு சிலேடை சொன்னார்: பகலெல்லாம் நான் 'கிரிம்', அதாவது கடுகடுப்பு, ராத்திரி உங்களைச் சிரிக்க வைக்கிறேன்.

ஆனால் அன்று லண்டனில் மனைவியைப் பிரசவத்திலும் மகனைக் குடியிலும் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர். தச்சருக்கு நடந்தால் அது துயரம், கோமாளிக்கு நடந்தால் தத்துவமாகிவிடுகிறது. அப்படி ஆக்கியதில் ஒரு இளம் எழுத்தாளருக்குப் பங்குண்டு. கிரிமால்டி எழுதி வைத்த நீண்ட சுயசரிதையை அவர் இறந்த மறு வருடம் திருத்தி வெளியிட்டவர் சார்லஸ் டிக்கன்ஸ், அப்போது வயது 26. அதற்கு முன்பே 'பிக்விக்' நாவலில், கோமாளி உடையோடு குடித்து அழிந்து சாகும் ஒரு நடிகனை அவர் எழுதியிருந்தார். கிரிமால்டியின் மகன்தான் அதற்கு மாதிரி என்பது கிரிமால்டியின் வரலாற்றை எழுதிய ஆண்ட்ரூ ஸ்டாட்டின் வாதம். வேடத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஆசையை வாசகர்களுக்கு ஊட்டியதே டிக்கன்ஸ்தான் என்கிறார் அவர். எனக்கும் சரி என்றே படுகிறது.

1892க்கு வந்தால் இந்த வார்ப்பு கெட்டிப்பட்டுவிட்டது. மே 21 அன்று மிலானில் இசையமைப்பாளர் லியோன்கவால்லோவின் 'பாலியாச்சி' ஓபெரா அரங்கேறியது, இசைக்குழுவை நடத்தியவர் டோஸ்கனினி. மனைவி துரோகம் செய்தது தெரிந்த பிறகும் கானியோ என்ற நடிகன் மேடையேறியாக வேண்டும். உடுப்பைப் போடு, முகத்தில் மாவைப் பூசு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாடுகிறான். மாவு மறுபடியும். ஓபெரா பாடகர் கரூசோ பாடிய இசைத்தட்டு அந்தப் பாட்டை உலகெங்கும் கொண்டுபோனது.

கதை தன்னுடையது என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் சண்டைக்கு வந்தபோது, இது என் சிறு வயதில் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் நடந்த உண்மைச் சம்பவம், நீதிபதியாக இருந்த என் அப்பாவே விசாரித்தார் என்று பதில் சொன்னார் லியோன்கவால்லோ. 1865இல் கொலை நடந்தது உண்மைதான். ஆனால் அது ஒரு பெண்ணை முன்வைத்து ஊர் இளைஞர்களுக்குள் நடந்த தகராறு. கொன்றவன் கோமாளி இல்லை, செத்தவனும் இல்லை.

ஓவியர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். பிக்காசோ 1905இல் தீட்டிய கழைக்கூத்தாடிக் குடும்பம் வெட்டவெளியில் நிற்கிறது. வித்தை எதுவும் நடக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. அதே காலத்தில் ஜார்ஜ் ருவோ, சாலையோரம் உட்கார்ந்து ஜிகினா உடையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு முதிய கோமாளியைப் பார்த்தார். அந்தக் கோமாளி நான்தான், நாம் எல்லோரும்தான் என்று கடிதம் எழுதினார். இங்கே மர்மம் எதுவும் இல்லை. புரவலர்கள் போய், படத்தை விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்ட கலைஞனுக்குக் காசுக்காகக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பவன் கண்ணாடியாகத் தெரிந்தான். அவர்கள் தங்களையே வரைந்துகொண்டார்கள்.

சோகத்தைத் தானே எடுத்து முகத்தில் பூசிக்கொண்ட கோமாளியும் உண்டு. அமெரிக்காவின் எம்மெட் கெல்லி பொருளாதாரப் பெருமந்த காலத்தில், வேலையற்ற நாடோடியாக 'வியரி வில்லி' என்ற வேடம் கட்டினார். கந்தல் கோட்டு, மழிக்காத தாடி, கீழே வளைந்த வாய். பேச்சு கிடையாது. தரையில் விழும் விளக்கு வட்டத்தைத் துடைப்பத்தால் பெருக்குவார். வட்டம் சுருங்கிச் சுருங்கிப் போகும், கடைசியில் அதைக் குப்பைபோல் தள்ளிவிடுவார். 1944 ஜூலை 6, கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் நகரம். பகல் காட்சியில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. மழைநீர் இறங்காமல் இருக்க பெட்ரோலில் கரைத்த மெழுகைத் துணியில் பூசியிருந்தார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. 160க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அப்போது எடுத்த ஒரு புகைப்படத்தில் முழு வேடத்தில் கெல்லி கையில் தண்ணீர் வாளியோடு ஓடுகிறார். எல்லோரும் அந்த முகத்தின் சோகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த வாய் காலையிலேயே வரைந்தது, தீப்பிடிக்காவிட்டாலும் அன்று மாலைவரை அப்படித்தான் வளைந்திருக்கும். படத்தில் என்னைத் தொந்தரவு செய்வது வாளி. அவ்வளவு பெரிய நெருப்புக்கு அவ்வளவு சின்ன வாளி.

2014 ஆகஸ்டில் நடிகர் ராபின் வில்லியம்ஸ் இறந்தபோது டாக்டர் கதை மறுபடியும் எல்லாப் பக்கமும் சுற்றியது. ஊரைச் சிரிக்க வைத்தவர் உள்ளுக்குள் அழுதார் என்று எழுதாத பத்திரிகை குறைவு. பிரேதப் பரிசோதனையில் அவர் மூளையில் லூயி பாடி என்ற நோய் பரவியிருந்தது தெரிந்தது. நினைவையும் அசைவையும் மனநிலையையும் குலைக்கும் நோய் அது. அவர் மனைவி 2016இல் ஒரு நரம்பியல் இதழில் இதை விளக்கி எழுதினார். ஆனால் கோமாளி என்ற கதை தயாராக இருந்தது, நோயின் பெயர் வாயில் நுழையவில்லை.

கிரிமால்டியைப் புதைத்த இடம் லண்டன் பென்டன்வில் சாலையில் இருக்கிறது. அங்கிருந்த தேவாலயம் இப்போது இல்லை, இடம் அவர் பெயரில் ஒரு சிறிய பூங்கா. இரும்புக் கம்பிக்குள் கல்லறைக் கல் நிற்கிறது. கொஞ்சம் தள்ளித் தரையில் சவப்பெட்டி வடிவத்தில் உலோகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். 2010இல் ஒரு கலைஞர் செய்தது. மேலே ஏறி மிதித்தால் சுரம் எழும்பும். சரியான இடங்களில் குதித்து ஆடினால் 'ஹாட் காட்லின்ஸ்' பாட்டை வாசிக்கலாம், கிரிமால்டி மேடைக்கு வந்தாலே ரசிகர்கள் கேட்டு வாங்கிய பாட்டு. சுட்ட ஆப்பிள் விற்கும் கிழவி, விற்ற காசில் குடித்துவிடுவாள். அவள் என்ன வாங்கிக் குடித்தாள் என்ற இடம் வந்ததும் கிரிமால்டி வாயை மூடிக்கொள்வார். அரங்கம் முழுக்க எழுந்து கத்தும்: "ஜின்!"